ஜடேஜாவுக்கு ஈடு என்ன?

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று கல்லூரிக் கலையரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பொறியாளரும் முடிவெடுத்தலும்' என்று செயலாளர் தலைப்புக் கொடுத்தார். அந்தத் தலைப்பை அப்படியே எடுத்துப் பேசினால் பத்தாவது நிமிஷத்தில் பாதிப் பேர் கேன்டீனில் இருப்பீர்கள். அதனால் ஒரே ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, நட்டு போல்ட்டெல்லாம் கழற்றிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். 2025 நவம்பர் 15-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட முடிவு. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது.

(கைதட்டல். சில விசில்.)

விசில் அடித்தது எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அன்றைக்கு ஓமலூர் டீக்கடையிலிருந்து பரமத்தி வேலூர் டீக்கடை வரைக்கும் இரண்டு கட்சிதான். "நன்றி கெட்டவனுங்க" என்றது ஒரு கட்சி. "வயசாயிடுச்சுங்க, எத்தனை நாளைக்கு வெச்சுக்கிறது" என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டவர்கள் குறைவு. நாம் இன்ஜினீயர்கள். போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஜடேஜாவின் கணக்கு. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் 20 லட்சம் டாலர் வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றன. அதற்கு மேல் கூவ முடியாத நிலையில், மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுத்துச் சென்னை அவரை எடுத்தது. சென்னைக்குத் தடை இருந்த 2016, 2017 இரண்டு வருஷம் நீங்கலாக 2025 வரை இங்கேதான் ஆடினார். 2018, 2021, 2023 என்று மூன்று கோப்பைகள். கடைசிக் கோப்பையைச் சொல்லவே வேண்டாம். அகமதாபாத், நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், இரண்டு பந்தில் பத்து ரன், மோகித் சர்மா பந்தில் ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. இங்கே இருக்கிற பாதிப் பேர் அன்றைக்கு வீட்டைத் தூக்கத்தில் இருந்து எழுப்பியிருப்பீர்கள்.

நம் கையில் இருக்கிற மிகப் பெரிய சிக்கலே அந்த இரண்டு பந்துதான். நம் ஆறாவது செமஸ்டரில் 'பொறியியல் பொருளாதாரம்' என்று ஒரு பாடம் இருந்தது, எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ. பழைய இயந்திரத்தை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று ஒரு கணக்கு கட்டாயம் வரும், பதினாறு மார்க். அதில் முதல் விதி: அந்த இயந்திரம் இதுவரை எவ்வளவு உற்பத்தி செய்தது என்பதை விடைத்தாளில் எழுதவே கூடாது. இனிமேல் என்ன தரும், இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும், அதன் இடத்தில் வருவது என்ன விலை. இந்த மூன்றுதான்.

இதை நம் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் எந்தக் கல்லூரிக்கும் போகாமலே செய்கிறார்கள். முட்டைக் கோழி இருபது வாரத்தில் முட்டை வைக்க ஆரம்பிக்கிறது. சில வாரத்தில் உச்சத்துக்குப் போகிறது. பிறகு மெல்ல மெல்ல இறக்கம். எழுபத்திரண்டு, எண்பது வாரத்தில் பண்ணைக்காரர் கழிக்கலாமா என்று யோசிக்கிறார். இந்தக் கோழி இதுவரை எத்தனை முட்டை வைத்தது என்று அவர் கேட்பதில்லை. தீவனம் என்ன விலை, இன்றைக்கு முட்டை என்ன விலை, கழிக்கிற கோழி கிலோ என்ன போகிறது என்று பார்க்கிறார். கூடவே ஒன்று கேட்பார்: "அடுத்த பேட்ச் குஞ்சு வளர்ந்து வந்தாச்சா?" வரவில்லையென்றால் பழைய கோழி இன்னும் நாலு வாரம் இருக்கும். ஷெட் காலியாகக் கிடந்தாலும் பேங்க் வட்டி ஓடும் இல்லையா?

ஜடேஜா ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். கோழியோடு ஒப்பிட்டது மனிதரை அல்ல, முடிவை. அந்த நாலாவது கேள்வியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இனி மாற்றத்தின் வரவு செலவு. சென்னையில் ஜடேஜா சம்பளம் 18 கோடி, சாம் கரன் 2 கோடியே 40 லட்சம். ஆக 20 கோடியே 40 லட்சம் வெளியே போகிறது. சாம்சன் 18 கோடி உள்ளே வருகிறது. சென்னைக்கு 2 கோடியே 40 லட்சம் மிச்சம். ராஜஸ்தான் பக்கம் பாருங்கள். முந்தைய பெரிய ஏலம் முடிந்தபோது அவர்கள் கையில் இருந்தது வெறும் 30 லட்சம். ஜடேஜா 18 கோடிக்கே வந்திருந்தால் கூடுதலாக 2 கோடியே 40 லட்சம் வேண்டும், பெட்டியில் இல்லை. ஆனால் ஜடேஜா 14 கோடிக்குச் சம்மதித்தார். 14-ம் 2.4-ம் சேர்ந்தால் 16 கோடியே 40 லட்சம். ராஜஸ்தானுக்கு 1 கோடியே 60 லட்சம் மிச்சமாகிவிட்டது. வெளிநாட்டு வீரர் எட்டு பேர் என்ற வரம்பும் அவர்களுக்கு நிரம்பியிருந்தது. ஓர் இடம் காலியானால்தான் கரன் உள்ளே வர முடியும். ஹசரங்கா, தீக்‌ஷனா இருவரும் அந்த மாதமே விடுவிக்கப்பட்டார்கள். ஒரு பெரிய மாற்றத்துக்குப் பின்னால் எத்தனை சின்ன ஸ்க்ரூ பாருங்கள்.

சாம் கரனை நிறைய பேர் கவனிக்கவில்லை. 2022-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த டி20 உலகக் கோப்பையில் தொடரின் சிறந்த வீரர் அவர். அந்த டிசம்பரில் பஞ்சாப் 18 கோடியே 50 லட்சம் கொடுத்து எடுத்தது, அன்றைக்கு ஐ.பி.எல். வரலாற்றிலேயே அதுதான் அதிக விலை. இரண்டே வருஷத்தில், 2024 ஏலத்தில், 2 கோடியே 40 லட்சத்துக்குச் சென்னை வாங்கியது. 2025-இல் ஐந்து ஆட்டம்தான் கிடைத்தது. அடுத்த நவம்பரில் கத்திரிக்காய்க் கடையில் கறிவேப்பிலை மாதிரி கொசுறாகப் போனார். வயது 27. வயதுதான் விலையைக் குறைக்கிறது என்று சொல்கிறவர்கள் இவரை எங்கே வைப்பார்கள்?

விலை என்பது ஆளின் உள்ளே இருப்பதில்லை. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் பஞ்சாப் 3 கோடி. 2018-இல் ஐதராபாத் 40 லட்சம். அதே இடது கை, அதே யார்க்கர். 2020 சீசனில் 16 விக்கெட், அந்த டிசம்பரும் ஜனவரியுமாக ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகம். 2024 சீசனில் 19 விக்கெட். அந்த வருஷக் கடைசியில் நடந்த ஏலத்தில் டெல்லி 10 கோடியே 75 லட்சம் கொடுத்தது. 2025-இல் ஆடியது இரண்டு ஆட்டம். 40 லட்சத்துக்கு இருந்தபோது கொட்டிக் கொடுத்தவர், பத்தே முக்கால் கோடிக்குப் போனபோது பெஞ்சில் இருந்தார். இதில் அவர் தப்பு எதுவுமில்லை. சொந்த ஊரில் 2023-இல் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டித் திறந்தார், அந்த மைதானத்துக்கு எந்த ஏலத்தில் விலை போடுவது?

ஆகவே ஒரு மூத்த வீரருக்கு என்ன ஈடு கொடுப்பது என்ற கேள்வி எப்படியெல்லாம் தீர்க்கப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் வெளியே பார்க்கலாம்.

அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் இருக்கிறது. பேர்தான் ஃபுட்பால், காலை அதிகம் உபயோகிப்பதில்லை. அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர். ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடியில் முடிவு செய்பவர். நம் கணக்கில் கேப்டன், ஓபனிங் பேட்ஸ்மேன், கீப்பர் மூன்றும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரன் ராட்ஜர்ஸ் என்பவர் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அணியில் 18 சீசன் இருந்தார். நாலு தடவை லீகின் மிகச் சிறந்த வீரர். 2023 ஏப்ரலில், 39 வயதில், அவரை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு மாற்றினார்கள்.

அங்கே பணத்தைவிடப் பெரிய நாணயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் கல்லூரியிலிருந்து வருகிற பையன்களை அணிகள் வரிசைப்படி பொறுக்கிக்கொள்கின்றன. அந்த வரிசையில் உங்கள் இடத்தையே நீங்கள் விற்கலாம். நம் கவுன்சலிங் ரேங்க்கை விற்கிற மாதிரி. ராட்ஜர்ஸுக்காக ஜெட்ஸ் தன் 13-ஆவது இடத்தைக் கொடுத்து 15-ஆவது இடத்தை வாங்கிக்கொண்டது. 42, 207 ஆகிய இடங்களைக் கொடுத்து 170-ஐ வாங்கியது. இவ்வளவும் பெரிசில்லை. அடுத்த வருஷத்து இரண்டாம் சுற்று இடம் ஒன்றையும் கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: ராட்ஜர்ஸ் அந்த சீசனில் 65 சதவீத ஆட்டப் பகுதிக்காவது களத்தில் இருந்தால், அது முதல் சுற்று இடமாக உயரும்.

நம் சிவில் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆமாம், இது நம் ஒப்பந்தங்களில் வருகிற ரிட்டென்ஷன் மணிதான். பாலம் கட்டி முடித்தாலும் ஒரு பகுதிப் பணத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள், குறிப்பிட்ட காலம் விரிசல் விடாமல் நின்றால்தான் கைக்கு வரும். வயதான வீரரை வாங்கும்போது யாருக்கும் தெரியாத ஒன்றே ஒன்று, உடம்பு தாங்குமா என்பது. வாங்குகிறவர் "தாங்காது" என்று நினைத்துக் குறைத்துக் கேட்பார். விற்கிறவர் "தாங்கும்" என்று ஏற்றிச் சொல்வார். இரண்டு பேரும் சண்டை போடாமல், அந்தச் சந்தேகத்தையே ஒரு ஷரத்தாக எழுதிக்கொண்டார்கள். 2023 செப்டம்பர் 11, முதல் மேட்ச். ராட்ஜர்ஸ் களத்தில் இறங்கிய நாலாவது ஆட்டத்திலேயே குதிகால் நரம்பு அறுந்தது. சீசன் முடிந்தது. நிபந்தனை நிறைவேறவில்லை, இடம் இரண்டாம் சுற்றிலேயே நின்றது. ஜெட்ஸுக்கு எல்லாம் போனாலும் அந்த ஒரு வரி காப்பாற்றியது. அடுத்த வருஷம் அவர் 17 ஆட்டமும் ஆடினார், ஜெட்ஸ் ஜெயித்தது ஐந்து.

நம் ஐ.பி.எல்.லில் இப்படி அடுத்த வருஷத்து உரிமையைக் கொடுத்து வாங்க வழி கிடையாது. ஆளுக்கு ஆள், அல்லது பணம், அல்லது இரண்டும். அதனால் சந்தேகத்தின் முழு பாரமும் அன்றைக்கே ஒருவர் தலையில் இறங்கிவிடுகிறது.

நம் அஸ்வின் கதை இதற்குச் சரியான உதாரணம். 2018, 2019 இரண்டு வருஷம் பஞ்சாப் கேப்டன். 2019 நவம்பரில், 33 வயதில், டெல்லிக்கு மாற்றினார்கள். ஈடு? கர்நாடகத்தைச் சேர்ந்த இடது கைச் சுழல் பந்து வீச்சாளர் ஜெகதீச சுசித், கூட ஒன்றரைக் கோடி ரூபாய். இந்தியாவின் முதல் தர ஆஃப் ஸ்பின்னருக்கு அவ்வளவுதானா என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனால் அஸ்வினின் 7 கோடியே 60 லட்சம் சம்பளத்தையும் டெல்லி தலையில் ஏற்றுக்கொண்டதே, அதுவும் ஈடுதான். பஞ்சாபுக்கு அவ்வளவு பணம் ஏலத்துக்கு விடுதலை ஆனது. டெல்லிக்கு 2020-இல் 13 விக்கெட் எடுத்தார், அந்த அணி முதல் முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போனது. அதே அஸ்வினை, 38 வயதில், 2024 நவம்பர் ஏலத்தில் சென்னை 9 கோடியே 75 லட்சம் கொடுத்து எடுத்தது. ஒன்பது ஆட்டம், ஏழு விக்கெட். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு பெற்றார். 33 வயதில் மலிவு, 38 வயதில் காஸ்ட்லி! ஊர்ப் பாசத்துக்கு எத்தனை கோடி போட்டார்கள் என்று சென்னை நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். என் கணிப்பில் பாதிக்குக் குறையாது.

இனி நம் மூன்று கேள்வி. இனிமேல் ஜடேஜா என்ன தருவார்? 2023-இல் 20 விக்கெட். 2025-இல் 10 விக்கெட், ஆனால் 301 ரன். பந்து இறங்குகிறது, பேட் இறங்கவில்லை. 2025 டிசம்பரில் 37 வயது. அவர் பாயின்ட்டில் நின்று தடுக்கிற ரன்னுக்கு எந்த ஸ்கோர் புத்தகத்திலும் பத்தி இல்லை, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சாம்சன்? 2024 சீசனில் 531 ரன், அதே வருஷம் இந்தியாவுக்கு டி20-இல் மூன்று சதம். 2025-இல் காயம், ஒன்பது ஆட்டத்தில் 285. வயது 31. கீப்பர், மேல் வரிசை இந்திய பேட்ஸ்மேன், கேப்டனாகவும் இருந்தவர். இப்படி ஓர் ஆள் ஏலத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2024-இல் லக்னோ அணி ரிஷப் பந்துக்குக் கொடுத்த 27 கோடியைப் பார்த்தால் போதும். 18 கோடிக்கு சாம்சன் என்பது நல்ல கொள்முதல்.

ஆனால் "31 வயசு, இன்னும் ஆறு வருஷம் ஓடும்" என்று டீக்கடையில் சொன்னார்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வீரர் ஒப்பந்தச் சுற்று 2025-இலிருந்து 2027 வரைதான். அதன் பிறகு மறுபடி பெரிய ஏலம். சென்னை உறுதியாக வாங்கியது சாம்சனின் 2026, 2027 இரண்டு சீசனை. அதற்கு மேல் வேண்டுமென்றால் தக்கவைக்கிற சில இடங்களில் ஒன்றை அவருக்குத் தர வேண்டும், திரும்பவும் பெரிய தொகை கட்ட வேண்டும். ஆக இளமைக்குக் கொடுக்கிற விலையில் பாதி, நமக்குச் சொந்தமில்லாத வருஷங்களுக்குக் கொடுக்கிற விலை. இரண்டு வருஷம் மட்டும் என்றால் 37 வயது ஜடேஜாவுக்கும் 31 வயது சாம்சனுக்கும் இடைவெளி நாம் நினைத்ததைவிடச் சின்னது.

சரி, அந்த நாலாவது கேள்வி. அடுத்த பேட்ச் வந்தாச்சா? வரவில்லை. இடது கைச் சுழல், கீழ் வரிசை அடி, நல்ல ஃபீல்டிங், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கிற இன்னொரு இந்தியர் சென்னையின் கொட்டகையில் இல்லை. 2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலம். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த 20 வயது இடது கை ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீர். இந்தியாவுக்கு ஒரு மேட்ச் ஆடாதவர், அடிப்படை விலை 30 லட்சம். சென்னை கொடுத்தது 14 கோடியே 20 லட்சம். மாற்றத்தில் மிச்சம் பிடித்தது 2 கோடியே 40 லட்சம், விட்டுப்போன இடத்தை அடைக்கச் செலவு 14 கோடியே 20 லட்சம். மேற்கொண்டு அகீல் ஹொசைன் என்ற மேற்கிந்திய இடது கைச் சுழலருக்கு 2 கோடி. ராஜஸ்தான் ஜடேஜாவுக்குக் கொடுக்கிற சம்பளம் எவ்வளவு? 14 கோடி. நிரூபித்த ஆளைவிட நிரூபிக்க வேண்டிய ஆளுக்கு இருபது லட்சம் அதிகம்!

பிரசாந்த் வீர் தம்பி நன்றாக வரட்டும், எனக்கு அவர்மேல் ஒரு குறையும் இல்லை. என் முடிவு இதுதான்: சாம்சனைத் தேர்ந்தது சரி, ஜடேஜா ஈடும் நியாயம், கரன் கொசுறும் போகட்டும். ஷெட்டை நிரப்ப ஆள் தயார் பண்ணாமல் கழித்தது மட்டும்தான் காஸ்ட்லி. அதை 2023 கோப்பை கையில் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். ஜெயிக்கிற வீட்டில் வாரிசைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை. 2025-இல் சென்னை முதல் முறையாகப் பத்தாவது இடத்துக்கு, அதாவது கடைசிக்கு, வந்த பிறகுதான் வாய் வந்தது. அவசரத்தில் வாங்குகிறவனுக்குச் சந்தை தள்ளுபடி தருமா?

இங்கே முன்வரிசையில் 1990-களில் படித்த அண்ணன்மார்கள் கொஞ்சம் அமைதியாகிவிட்டீர்கள். "உங்க சம்பளத்துக்கு ரெண்டு ஃப்ரெஷர் எடுக்கலாம்" என்று எச்.ஆர். சொல்வதைக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாற்றத்தில் நான்கு கோடி விட்டுக் கொடுத்தது எந்த நிர்வாகமும் இல்லை, ஜடேஜா. வீரர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்பது விதி. அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் 18 கோடியோடு மஞ்சள் சட்டையில் இருந்திருக்கலாம். போன இடம் எது? 2008-இல், 19 வயதில், ஷேன் வார்ன் தலைமையில் முதல் கோப்பை ஜெயித்த அதே ராஜஸ்தான்.

அதிலும் ஒரு வேடிக்கை. 2010-இல் ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், வேறு அணியோடு தானே பேசினார் என்று அவரை அந்த சீசன் முழுக்கத் தடை செய்தார்கள். 21 வயதுப் பையன் தன் விலையைத் தானே பேசியது குற்றம். பதினைந்து வருஷம் கழித்து இரண்டு அணிகள் அவர் விலையைப் பேசியது வியாபாரம். இதில் எது சரி என்று தம்பி தங்கைகள் கேன்டீனில் சண்டை போட்டுக்கொள்ளலாம், நான் நடுவில் வரவில்லை.

2027 சீசன் முடிந்து பெரிய ஏலம் நெருங்கும்போது, அந்த நவம்பரில் சாம்சனுக்கு 33 வயது ஆகும். அன்றைக்கு ஒரு மேஜையில் நாலு பேர் உட்கார்ந்து இதே மூன்று கேள்வியை அவரை வைத்துக் கேட்பார்கள். நாலாவதையும் கேட்கிறார்களா என்று பார்க்க நான் காத்துக்கொண்டிருக்கிறேன். செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், பந்தியில் இலை போட்டாச்சாம்.